வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் மத்தியானச் சாப்பாடு: வன்னி வெயிலுக்கான கேள்வி பதில்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பலர் விடிய ஆறு, ஆறரைக்குப் பெட்டியை மூடினால் பன்னிரண்டரைக்குத்தான் திறக்கிறார்கள். இடையில் பஸ், வெயில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை. இந்த ஆறு மணித்தியாலத்தைத் தாங்குகிற சாப்பாட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பெட்டிக்குள் போகிற ஈரத்தையும் பச்சைத் தேங்காயையும் கட்டுப்படுத்தத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மலிவும் மாறுதலும் அதற்குப் பிறகு தானாக வசப்படும்.

விடியச் சமைத்த சோறு மத்தியானம் திறக்கும்போது புளித்து மணக்கிறது. ஏன்?

பெரும்பாலும் சுடச்சுட மூடியதுதான் காரணம். சோற்றின் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி ஓரங்களில் திரும்ப வடிகிறது. நனைந்த அந்த ஓரச் சோறுதான் முதலில் வழுவழுத்து நூல் விடும். பிறகு பெட்டி முழுவதும் மணக்கும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. அரிசியோடு வருகிற பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நிற்கும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. அவை விடுகிற வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் மணமில்லை என்பதற்காகச் சோறு நல்லது என்று எடுக்க முடியாது. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கிற நேரம்தான் கணக்கு. அந்த நேரம் 4 மணித்தியாலத்தைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். சோற்றை முடிந்தளவு பிந்தி, ஐந்தரை மணிபோல் இறக்குங்கள். கஞ்சியை நன்றாக வடித்து, அகன்ற தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, 15 முதல் 20 நிமிடம் காற்றுப்பட விடுங்கள். உள்ளங்கையை மேலே பிடித்தால் ஆவி தட்டக் கூடாது. அதன் பிறகு பெட்டி. கறி சோற்றின்மேல் வேண்டாம், தனிக் கிண்ணத்தில் போகட்டும். நேற்றுச் சோறு மிச்சம் இருந்தால் புதுச் சோற்றோடு கலக்கவே கூடாது.

அடுத்தது குளிர். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை முக்கால்வாசி நிரப்பி இரவே உறைய வையுங்கள். காலையில் பெட்டியோடு சேர்த்து ஒரு தடித்த துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தால் பத்தரை, பதினொரு மணிவரை சாப்பாட்டில் சூடு ஏறாது. மத்தியானம் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும். வீட்டில் பிறிட்ஜ் இல்லாதவர்கள் வேலையிடத்தில் இருக்கிற பிறிட்ஜில் போய்ச் சேர்ந்தவுடன் வையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் சோற்றை விட்டு ரொட்டி, சுண்டல் பக்கம் போவதுதான் புத்தி. அல்லது இடைவேளையை முந்தி எடுக்க முடிந்தால் ஒன்பதரை மணிக்கே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரத்துக்குக் கச்சானும் வாழைப்பழமும் வைத்துக்கொள்ளலாம்.

சூடு காக்கும் சாப்பாட்டுப் பிளாஸ்க் வாங்குவது பயன் தருமா?

தரும், சரியாகப் பாவித்தால். வெறும் பிளாஸ்கில் சோற்றைப் போட்டால் உள்சுவரே சூட்டை இழுத்துவிடும். முதலில் கொதிநீர் விட்டு மூடி 5 நிமிடம் வையுங்கள். ஊற்றிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை விளிம்புவரை நிரப்புங்கள். அரைவாசி நிரப்பிய பிளாஸ்க் சூட்டைப் பிடிக்காது. திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். இளஞ்சூடாக இருந்தால் அந்தப் பிளாஸ்க் உதவாது, சாதாரணப் பெட்டியை விடக் கெடுதல். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் பிளாஸ்க் சரிவராது, களியாகிவிடும்.

எந்தக் கறி கட்டலாம், எதைக் கட்டக் கூடாது?

பால் விட்ட வெள்ளைக்கறி, சொதி, தேங்காய்ப்பால் பருப்பு, பச்சைத் தேங்காய்ச் சம்பல், பச்சை வெங்காயம் தூவிய சலாது: இவை வீட்டில் சாப்பிட மட்டும். தேங்காய்ப்பாலில் தண்ணீர், இனிப்பு, கொழுப்பு மூன்றும் இருக்கின்றன. வெயிலில் அது நாலு மணித்தியாலத்துக்கு முன்னமே திரிந்துவிடும்.

கட்டத் தகுந்தவை பிரட்டல், பொரியல், வறை, புளிக்கறி. புளியின் அமிலம் கெடுதலைத் தள்ளிப்போடும். எண்ணெயில் வதங்கும்போது மரக்கறியின் தண்ணீர் வெளியேறும். ஒரு கறி கட்டத் தகுந்ததா என்று பார்க்க ஒரு கரண்டியைத் தட்டில் சரித்து வையுங்கள். தண்ணீர் தனியாக ஓடினால் இன்னும் 5 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

கத்தரிக்காய்ப் புளிப் பிரட்டல் இதற்கு முதல் தெரிவு. நாலு பேருக்கு: கத்தரிக்காய் 500 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் 3, உள்ளி 5 பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறித்தூள் 2 தேக்கரண்டி, தேசிக்காய் அளவு பழப்புளி. கத்தரிக்காயைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி 20 நிமிடம் வைத்து, கையால் பிழியுங்கள். இந்தப் பிழிதலை விடக் கூடாது. கத்தரிக்காயின் சதைக்குள் காற்றறைகள் நிறைய உண்டு. பிழிந்தால் அவை அமுங்கி, எண்ணெய் குடிப்பது வெகுவாகக் குறையும். 4 மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்து வையுங்கள். அதே சட்டியில் வெந்தயம், உள்ளி, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, தூள் போட்டுச் சில விநாடி பிரட்டுங்கள். கால் கப் தண்ணீரில் கரைத்த புளியை விட்டுக் கொதித்ததும் கத்தரிக்காயைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வற்ற விடுங்கள். தூளைக் கூடுதலாக வறுத்தால் கசக்கும். புளி வற்றாமல் இறக்கினால் மத்தியானம் பெட்டியெல்லாம் சிவந்து ஓடும்.

பருப்பு வேண்டும் என்றால் மைசூர்ப் பருப்பைக் குறைந்த தண்ணீரில் அவித்து, பால் விடாமல், கடுகு, செத்தல் மிளகாய், உள்ளி தாளித்துக் கெட்டியாக எடுங்கள். ஆறியதும் இன்னும் இறுகும் என்பதால் கரண்டியிலிருந்து மெதுவாக விழுகிற பதத்தில் இறக்கினால் போதும்.

சம்பல் இல்லாமல் சோறு இறங்காது. என்ன செய்வது?

வறுத்து இடித்த சம்பல் செய்யுங்கள். அரைத் தேங்காயைத் துருவி, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் 8 முதல் 10 நிமிடம் பொன்னிறமாக வறுக்க வேண்டும். செத்தல் மிளகாய் 8, கறிவேப்பிலை ஒரு பிடி இரண்டையும் தனியாக முறுக வறுங்கள். கொட்டைப்பாக்கு அளவு பழப்புளி, உப்பு சேர்த்து உரலில் இடியுங்கள். கிரைண்டரில் அடிப்பதானால் விட்டுவிட்டு அடியுங்கள், தொடர்ந்து ஓடினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகும். வெங்காயம் வேண்டுமென்றால் அதையும் முறுகப் பொரித்த பிறகுதான். தண்ணீர் ஒரு துளியும் வேண்டாம். காய்ந்த போத்தலில் போட்டு, உலர்ந்த கரண்டியால் எடுத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். திங்கட்கிழமை செய்தால் புதன்வரை காலை வேலை குறையும்.

செலவைக் குறைக்க எங்கே கை வைப்பது?

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கதிரையில் இருந்து வேலை செய்கிற ஒருவருக்கு அரிசி 125 கிராம், பருப்பு அல்லது பயறு 30 முதல் 35 கிராம், மரக்கறி 100 முதல் 120 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி. உடம்பு முறிய வேலை செய்பவருக்கு அரிசி 200 கிராம்வரை. ஒரு கிலோ அரிசியில் எட்டுப் பெட்டி வரும். அளக்காமல் போடுகிற வீடுகளில் ஆறுதான் வரும், மிச்சம் நாய்க்கும் கோழிக்கும் போகும்.

கடைப் பார்சலில் வயிற்றை நிரப்புவது சோறு, காசை எடுப்பது மீன் துண்டு. வீட்டிலும் காசு கரைவது புரதத்தில்தான். விலை நாளுக்கு நாள் மாறுவதால் விலையை விட்டுப் புரதத்தைக் கணக்கெடுங்கள். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். காய்ந்த பயறு அல்லது கௌபி 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம், அதாவது நாலு முட்டைக்குச் சமம். கச்சான் 100 கிராமில் 25 கிராம். சோயா மீற் காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராம் அளவு. உங்கள் கடையில் இன்றைக்கு நாலு முட்டை என்ன விலை, 100 கிராம் பயறு என்ன விலை, 50 கிராம் சோயா என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதை வாங்குவது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பயறையும் கௌபியையும் சோற்றோடு சாப்பிடும்போது ஒன்றில் குறைகிற புரதக் கூறுகளை மற்றது நிரப்பும். அதனால் அவை முட்டைக்குக் குறைந்த சாப்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை.

வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வவுனியா உளுந்து, முல்லைத்தீவுக் கச்சான், வயல் அறுவடைக்குப் பின் போடுகிற பயறு எல்லாம் விளைகிற இடத்திலேயே இருக்கிறோம். அறுவடை நேரத்தில் தெரிந்த விவசாயியிடம் ஐந்து கிலோ எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, ஆறிய பிறகு மூடி இறுகிய வாளியில் போட்டு வையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து வண்டு பிடிக்கும்.

எண்ணெயும் மறைமுகமான செலவு. ஒரு கிழமையில் ஒரு பொரியல் போதும்.

புதுநெல் அரிசிச் சோறு பெட்டிக்குள் களியாகிவிடுகிறது.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வருகிற அரிசியில் இது வழக்கம். புது அரிசி குறைந்த தண்ணீரைத்தான் பிடிக்கும், சீக்கிரம் குழையும். றைஸ் குக்கரில் வழக்கமாக விடுகிற தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். பானையில் என்றால் பருக்கையின் நடுவில் சிறு வெள்ளைப் பொட்டு இருக்கும்போதே வடித்து, மூடி 5 நிமிடம் புழுங்க விடுங்கள். கட்டுவதற்குச் சிவப்புப் புழுங்கல்தான் நல்லது. புழுங்கல் நெல்லின் மாச்சத்து அவிக்கும்போதே இறுகிவிடுவதால் பருக்கை பருக்கையாக நிற்கும்.

தினமும் சோறும் பருப்பும் அலுத்துப்போகிறது. கிழமை முழுவதும் எப்படி மாற்றுவது?

ஐந்து நாளும் ஐந்து புதுச் சமையல் என்று தொடங்கினால் இரண்டாம் கிழமையே விட்டுவிடுவீர்கள். இரண்டு நாள் சோறு, ஒரு நாள் புட்டு, ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் சுண்டல் அல்லது இடியப்பப் பிரட்டல் என்று அடித்தளத்தை வைத்துக்கொண்டு பக்கக் கறியை மாற்றுங்கள். சோற்று நாட்களில் ஒரு நாள் கத்தரிக்காயும் அவித்த முட்டையும், மற்ற நாள் சோயாவும் முருங்கையிலை வறையும்.

சோயா மீற்றைக் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து இரண்டு தரம் பிழியுங்கள். முதல் தரம் பிழிந்ததும் புதுத் தண்ணீரில் கழுவி மறுபடி பிழிய வேண்டும். ஒரு தரத்தோடு நிறுத்தினால் பச்சை மணமும் போகாது, உள்ளே நிற்கிற தண்ணீர் மத்தியானம் கறியாக ஓடும். பிறகு எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துத்தான் தூள் போடுவது.

இடியப்பப் பிரட்டலுக்குப் பத்து இடியப்பத்தை ஆறவிட்டு உதிர்த்து வையுங்கள். கரட் ஒன்று, லீக்ஸ் ஒரு சிறு தண்டு, வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் 2 மெல்லியதாக வெட்டி, பெரிய நெருப்பில் 3 நிமிடம் வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி உதிரியாக்குங்கள். மிளகுதூள், உப்பு போட்டு, கடைசியில் இடியப்பத்தைப் போட்டு இரண்டு கரண்டியால் மேலும் கீழும் தூக்கிவிடுங்கள். சூடான இடியப்பத்தை உதிர்த்தால் பசையாகும். இரண்டு பேருக்கு இது போதும்.

குரக்கன் ரொட்டிக்குக் குரக்கன் மா ஒரு கப், கோதுமை மா ஒரு கப், தேங்காய்ப்பூ அரைக் கப், வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. குரக்கனில் இழுபசை இல்லை, தனியாகச் செய்தால் உடையும். அதற்காகத்தான் கோதுமை. இளஞ்சூட்டு நீரில் குழைத்து 15 நிமிடம் மூடி வைத்து, கை கனத்தை விட மெல்லியதாகத் தட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய நெருப்பில் சுடுங்கள். சுட்டதும் துணியில் சுற்றி ஆறவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஐந்து ரொட்டியும் இடித்த சம்பலும் ஒருவருக்குத் தாராளம்.

கௌபி சுண்டல் இரண்டு பேருக்கு 200 கிராம். இரவே ஊறப்போட்டால் காலையில் காஸ் மிச்சமாகும். குழையாமல் அவித்து, வடிதட்டில் 10 நிமிடம் காயவிட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்துப் பிரட்டுங்கள். தேங்காய்ச் சொட்டு வேண்டுமானால் தாளிக்கும்போதே எண்ணெயில் சிவக்க விடுங்கள். தேசிப்புளியை இறக்கி ஆறிய பிறகு விடுங்கள், கொதியில் விட்டால் கைக்கும்.

புட்டு மத்தியானம் கல்லுப் போல் ஆகிறது.

மா உள்ளே நனையவில்லை, அல்லது அவியல் போதவில்லை. கட்டுவதற்கு வறுத்த அரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் அரைவாசிக்கு அரைவாசி கலந்தால் நேரம் போனாலும் மிருதுவாக இருக்கும். உப்புப் போட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு, அகப்பைக் காம்பால் கிண்டி, சுண்டால் கொத்துங்கள். ஒரு பிடியை அமுக்கினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொத்திய பிறகு 10 நிமிடம் மூடி வைத்தால் உலர்ந்த நடுப்பகுதியும் ஈரம் இழுக்கும். இதைத்தான் அவசரத்தில் பலர் விடுகிறார்கள். தேங்காய்ப்பூவை மாவோடே கலந்து, நீத்துப்பெட்டியில் ஆவி மேலே வந்ததிலிருந்து 10 நிமிடம் அவியுங்கள். இறக்கிய பிறகு மேலே தூவுகிற பச்சைத் தேங்காய்தான் முதலில் புளிக்கும். புட்டுக்குச் சேர்மானமாகப் பொரித்த கத்தரிக்காய், முட்டைப் பொரியல், வாழைப்பழம். குழம்பு என்றால் சிறு போத்தலில் தனியாக.

மீன் கட்டலாமா?

புதிதாக வாங்கி, பொரித்தோ புளி விட்டு வற்ற வைத்தோ கட்டலாம். சூரை, கும்பளா, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் கவனம் வேண்டும். பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்ரமின் சேர்கிறது. பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தோல் தடித்துக் கடிக்கும், தலை இடிக்கும். நாக்கில் மிளகு பட்டது போல் சுள்ளென்றால் துப்பிவிட்டு அந்தப் பெட்டியையே ஒதுக்குங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. சைக்கிளில் வருகிற மீன் என்றால் ஐஸ் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். விரால் போன்ற குளத்து மீனில் இந்த ஹிஸ்ரமின் பிரச்சினை குறைவு, ஆனால் அதுவும் சீக்கிரம் நாறும். முந்தின நாள் பின்னேரம் வாங்கியதை வெளியில் வைத்துக் காலையில் சமைக்க வேண்டாம்.

மலிவாக வேண்டுமென்றால் நெத்தலிக் கருவாடு. ஆளுக்கு 20 முதல் 25 கிராம். தலையைக் கிள்ளி, இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து உரசிக் கழுவி, நன்றாக ஈரம் ஒற்றிப் பொரியுங்கள். சோற்றோடு படாமல் தனிக் காகிதத்தில் சுற்றினால்தான் முறுகல் நிற்கும். அன்றைக்குக் கறியில் உப்பைக் குறையுங்கள். பிறசர் உள்ளவர்கள் கிழமைக்கு ஒரு தரத்தோடு நிறுத்துவது நல்லது.

425 கிராம் டின் மீன் ஒன்று வெங்காயம், தக்காளியோடு வற்றப் பிரட்டினால் நாலு பெட்டிக்குக் காணும். திறந்த டின்னில் மிச்சத்தை வைக்காதீர்கள்.

அவித்த முட்டையைக் கோதோடு கொண்டுபோவதா, உரித்தா?

கோதோடு. மஞ்சள் முழுதாக இறுகும்வரை, கொதி வந்து 10 நிமிடம் அவித்து ஆறவிட்டு வையுங்கள். சாப்பிடும்போது உரிக்கலாம். குளிர்ந்த போத்தல் பக்கத்தில் அதற்கும் இடம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவம். பருப்பைத் தவிர?

பயறு பிரட்டல், உளுந்து வடை இரண்டு, பொரித்த வாழைக்காய், பாகற்காய்ப் பொரியல், மோர்மிளகாய். பாகற்காய் உப்பில் பிழிந்து முறுகப் பொரித்தால் மாலைவரை கெடாது. முருங்கையிலை வறை கட்டுவதானால் தேங்காய்ப்பூவை முதலில் சட்டியில் ஈரம் போகப் பிரட்டி, அதன்மேல் இலையைப் போட்டு 3 நிமிடம் மட்டும் வதக்குங்கள். முற்றிய ஈர்க்கும் காம்பும் சேர்ந்தால் கசக்கும், நார் பல்லில் மாட்டும். வல்லாரைச் சம்பல் பச்சையானது, வீட்டோடு நிற்கட்டும்.

வாழையிலையில் கட்டுவதா, பெட்டியா?

பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் நாட்டில் தடை. சூடான, எண்ணெய்ச் சாப்பாட்டை அதில் சுற்றுவது தடைக்கு முன்னமும் நல்ல பழக்கமில்லை. வாழையிலை நல்லது, ஈரத்தைக் கொஞ்சம் வெளியே விடும். நடு நரம்பைச் சீவி, நெருப்பின்மேல் பளபளப்புத் தட்டும்வரை மட்டும் வாட்டி, துடைத்து, இரண்டு இலையை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டுக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். புளிக்கறியை இலையில் கட்டினால் வழியில் ஒழுகும்.

நாளாந்தப் பாவனைக்கு சில்வர் பெட்டி. பிளாஸ்டிக்கில் கறித்தூளும் எண்ணெயும் ஊறிவிடும், கீறல்களில் அழுக்குத் தங்கும். மூடியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு நாளும் கழற்றிக் கழுவுங்கள். நன்றாகக் கழுவிய பெட்டியிலும் பழைய மணம் வருவது பெரும்பாலும் அந்த வளையத்துக்கு அடியிலிருந்துதான்.

வயல் வேலை, வீதி வேலைக்குப் போகிறவர்களுக்கு?

அவர்களுக்குப் பிறிட்ஜும் இல்லை, கூரையும் இல்லை. இரவு பிறிட்ஜில் வைத்த பழஞ்சோற்றை விடிய வீட்டில் மோர், வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதைப் போத்தலில் கொண்டுபோய் மத்தியானம் குடிக்க வேண்டாம். கையோடு ரொட்டி, இடித்த சம்பல், வறுத்த கச்சான் ஒரு பிடி, பனங்கட்டித் துண்டு. வியர்வையில் போகிற உப்பை ஈடுகட்ட, ஒரு லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு தேசிக்காயும் பிழிந்து கொண்டுபோகலாம். பையை நிலத்தில் வைத்தால் எறும்பு, மரத்தில் திறந்து தொங்கவிட்டால் குரங்கு. மூடி இறுகிய வாளிக்குள் பெட்டியை வைத்து நிழல் கிளையில் கட்டுங்கள். உழவு மெசினின் இருக்கைக்குக் கீழே வைக்கவே வேண்டாம், எஞ்சின் சூடு ஒரு மணித்தியாலத்தில் பழுதாக்கிவிடும்.

மாரியில் இதெல்லாம் தேவையா?

சூடு குறையும், ஈரக்காற்று கூடும். சோறு ஆற நேரம் எடுக்கும், பொரியல் நமுத்துப்போகும். மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள், அப்பளமும் மோர்மிளகாயும் மூடி இறுகிய சிறு டப்பாவில் தனியாகப் போகட்டும். கார்த்திகை, மார்கழியில் மரக்கறி விலை ஏறும்போது முற்றத்து முருங்கையும் வாழைக்காயும் கைகொடுக்கும். மாவைக் காயவைக்க வெயில் கிடைக்காது. அதனால் அரிசி மாவை ஐப்பசிக்கு முன்னமே வறுத்து, முற்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத வாளியில் எடுத்து வையுங்கள்.